பதினைந்து நிமிடச் சீனம்

16 மார்ச் 2025, ஞாயிறு

நான்கு மணிக்கு வீடியோ இணைப்பு வந்தது. நான்கு பதினான்குக்கு மீனு கையசைத்துவிட்டுப் போனாள். அனுமதி பதினைந்து நிமிடம். ஒரு நிமிடம் எஞ்சியது.

கேட்ட கேள்விகள் ஏழு. புரிந்த விடைகள் ஆறு. புரியாத ஒன்றுக்கு ‘ஹாவ்’ என்றேன். நல்லது என்று அர்த்தம். பெரும்பாலான விடைகளுக்கு அது பொருந்திவிடுகிறது.

இன்னொரு பல் விழுந்திருக்கிறது. வாயைத் திறந்து காட்டினாள். பல் என்பதற்கு ‘யா’, பல் துலக்குவதற்கு ‘ஷுவா யா’, பல் மருத்துவருக்கு ‘யா யீ’. மூன்றும் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருந்தபடியால் தடுமாறவில்லை. என்னை அவள் ‘யே யே’ என்று அழைக்கிறாள். அப்பாவைப் பெற்றவருக்கு அங்கே அதுதான் சொல்; அம்மாவைப் பெற்றவருக்கு வேறு. இந்தத் துல்லியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மங்கையர்க்கரசி வழக்கம்போல் என் அருகில், திரையில் விழாத இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் அழைப்பின்போது பேத்தியைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அன்று முதல் திரைக்குள் வருவதில்லை.

மகன் ஷ்யாம் போய் இரண்டு வருடம் ஐந்து மாதம்.

22 மார்ச், சனி

சுப்ரஜா பத்து மணிக்கு வந்தாள். எங்கள் குடியிருப்பிலேயே ‘பி’ விங்கில் இருக்கிறாள். ஊருக்கு வெளியே சாகணில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சீன இயந்திரங்களை நிறுவ வரும் பொறியாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். பிறந்தது வளர்ந்தது இதே ஊரில், விஷ்ராந்த்வாடி. வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பாள். அவளுடைய வாடகை ஒப்பந்தத்தில் இருந்த ஒரு மோசமான ஷரத்தை நான் கண்டுபிடித்து நீக்கிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைகளில் எனக்குச் சொற்கள் தருகிறாள்.

இன்று பால் பல், நிலைத்த பல், கடவாய்ப்பல், ஈறு ஆகியவற்றைக் கேட்டேன்.

“கடவாய்ப்பல்னா? மோலாரா?” என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். “அங்கிள், எனக்கு கியர்பாக்ஸ் தெரியும், வெல்டிங் தெரியும். ஃபேக்டரில ஈறு பத்தி எல்லாம் யாருமே கேட்டதில்லை.”

தன்னோடு வேலை செய்யும் சீனப் பொறியாளர் ஒருவருக்குச் செய்தி அனுப்பி விசாரித்தாள். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாளாம்; ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு சொற்கள் அனுப்பினார்.

என் முறையை இங்கே பதிந்துவைக்கிறேன். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் நான் கேட்கப்போகும் கேள்வி. வலப்பக்கத்தில் வரக்கூடிய விடைகள் அனைத்தும். வங்கியின் சட்டப்பிரிவில் சேருமுன் நான்கு வருடம் வழக்கறிஞர் பட்டாபிராமனிடம் ஜூனியராக இருந்தேன். விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்பார். பல்லையும் கணக்கையும் நான் தேர்ந்துகொண்டதற்கு இதுவே காரணம். எத்தனை பல் விழுந்தது என்றால் விடை ஓர் எண். ஏழெட்டு எவ்வளவு என்றால் விடை ஒன்றே ஒன்று. எதிர்பாராதது வர இடமில்லை.

23 மார்ச், ஞாயிறு

ஏழுக்கு ஏழு புரிந்தது.

6 ஏப்ரல், ஞாயிறு

மீனு வகுத்தல் படிக்கிறாள். மீதி வரும் வகுத்தல். சுப்ரஜா எழுதிக் கொடுத்தபடி, பதினேழு மிட்டாயை ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் எத்தனை என்று கேட்டேன். மூன்று, மீதி இரண்டு என்று உடனே சொன்னாள். பிறகு பென்சிலை எடுத்துத் தாளில் போட்டுத் திரைக்கு நேராகப் பிடித்தாள். மீதிக்கு எதிரே ஒரு குட்டி முகம் வரைந்திருந்தாள்.

அதைப் பற்றிக் கேட்க என்னிடம் வாக்கியம் இல்லை. ‘ஹாவ்’ என்றேன்.

அழைப்பு முடிந்ததும் மங்கையர்க்கரசி சொன்னாள்: “கணக்குன்னா அவளுக்கு உசிருல்லா. நீங்க கேக்குததுக்கு முன்னாலயே வாயைத் திறக்கா.”

14 ஏப்ரல், திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. பஞ்சாங்கம் படிக்கவில்லை. அந்த நேரத்தில் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஷ்யாம் சூஜோ நகரில் 2022 அக்டோபரில் இறந்தான். மூளையில் இரத்தக் கசிவு. அலுவலகத்தில், நாற்காலியிலேயே. முப்பத்தேழு வயது. கொரோனாத் தடையால் அப்போது விமானமும் இல்லை, விசாவும் இல்லை. என் மகனின் தகனத்தை இதே மேசையில் இதே கணினியில் பார்த்தோம். மீனுவுக்கு அப்போது ஆறு வயது நிறையவில்லை. அவனோடு தமிழ் பேசிக்கொண்டிருந்த பிள்ளை. பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனதும் தமிழும் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து என் மருமகள் வென்னுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். ஆறுதல் கடிதமாகத்தான் எண்ணினேன். அதன் முதல் வாக்கியம்: ‘எங்கள் பேத்தி தொடர்பாக எங்களுக்குள்ள உரிமைகள் எவற்றையும் விட்டுக்கொடுக்காமல் இதை எழுதுகிறேன்.’

அது பழக்கத்தில் வரும் தொடர். முப்பத்தொரு வருடம் எல்லாக் கடிதங்களிலும் போட்டது. கை தானாக எழுதியது. கணவனைப் பறிகொடுத்து அறுபது நாளான ஒரு பெண் அதை எப்படிப் படிப்பாள் என்று யோசிக்கவில்லை. குழந்தையைப் பிடுங்க வருகிறார்கள் என்று படித்தாள்.

பதின்மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு நான்கு வரி வந்தது. ‘ஞாயிறுதோறும் பதினைந்து நிமிடம் மீனுவோடு பேசலாம். நான் அறையில் இருக்க மாட்டேன். மொழிபெயர்க்க மாட்டேன். சொற்களைத் தேர்ந்தெடுக்க உங்களுக்குத் தெரியும்.’

அறுபத்தெட்டு வயதில் சீனம் படிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

4 மே, ஞாயிறு

மீனுவுக்குச் சொத்தைப் பல். அந்தச் சொல்லை நேற்றே சுப்ரஜா தந்திருந்தாள். அவர்கள் மொழியில் அதற்குப் புழு அரித்த பல் என்று அர்த்தமாம். மங்கையர்க்கரசியிடம் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியம். “நம்ம ஊர்லயும் பூச்சிப்பல்லுனுதானே சொல்லுவோம். அப்போ எல்லா ஊர்லயும் ஒரே பூச்சிதான் போலுக்கு.”

வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

17 மே, சனி

இன்று சுப்ரஜா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். “அங்கிள், நானூறு வேர்டு ஆயிடுச்சு. எல்லாம் பல், கணக்கு, மழை, ஸ்கூல் பை. அவ அப்பா பத்தி ஒண்ணு கேக்கலாமே? சிம்பிளா. ‘அப்பா ஞாபகம் இருக்கா’ன்னு.”

அது இப்போதைக்குத் தேவையில்லை என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. ஃபோனில் எதையோ பார்ப்பதுபோல் இருந்தாள்.

அவள் போன பிறகு அந்தக் கேள்வியை இடப்பக்கத்தில் தமிழில் எழுதிப் பார்த்தேன். வலப்பக்கத்தில் என்ன எழுதுவது? ஆம் என்றால் நான் அடுத்து என்ன சொல்வேன்? இல்லை என்றால்?

பக்கத்தை அடித்துவிட்டேன்.

1 ஜூன், ஞாயிறு

ஏழுக்கு ஐந்து. குழந்தை வேகமாகப் பேசுகிறாள். வளர்கிறாள்.

8 ஜூன், ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

முதல் கேள்வி பல் துலக்குவது பற்றி. விடை சொன்னாள். இரண்டாவதைத் தொடங்குமுன் அவள் முந்திக்கொண்டு பேசினாள். நீளமாக, நிறுத்தி நிறுத்தி, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல. நடுவில் ‘ஞாயிறு’ என்ற சொல்லும் ‘கணக்கு’ என்ற சொல்லும் வந்தன. ‘யே யே’ என்று இரண்டு முறை சொன்னாள். முடிவில் குரல் உயர்ந்தது. கேள்வியாக இருக்கலாம் என்று தோன்றியது.

கணக்கு சம்பந்தமாக வலப்பக்கத்தில் எழுதிவைத்திருந்தவற்றில் தேடினேன். கிடைக்கவில்லை. நிமிர்ந்து, புன்னகைத்து, ‘ஹாவ், ஹாவ்’ என்றேன். தலையையும் ஆட்டினேன். அடுத்து, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன்.

ஐம்பத்தாறு என்றாள். பிறகு திரை அணைந்துவிட்டது. ஆறு நிமிடம்கூட ஆகவில்லை.

அங்கே மின்சாரமோ இணையமோ தடைப்பட்டிருக்கலாம் என்று நான் சொன்னதை மங்கையர்க்கரசி ஏற்கவில்லை.

“நெட்டும் இல்ல, கிட்டும் இல்ல. பிள்ளை மூஞ்சி சுருங்கிப் போச்சு. நீங்க தாளைப் பாத்துக்கிட்டு இருந்திய. அவ என்னமோ கேட்டா. நீங்க என்னத்துக்குச் சிரிச்சிய?”

என்ன கேட்டாள் என்று உனக்குப் புரிந்ததா என்றேன்.

“புரியலை. அதான் நான் சிரிக்கலை.”

15 ஜூன், ஞாயிறு

இணைப்பு வரவில்லை. நான்கு நாற்பது வரை கணினி முன்னால் இருந்தேன். மங்கையர்க்கரசியும் எழுந்திருக்கவில்லை. வெளியே ஓயாத மழை.

16 ஜூன், திங்கள்

வென்னுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தொழில்நுட்பக் கோளாறு ஏதேனும் உண்டா என்று மிகப் பணிவாக விசாரித்திருக்கிறேன்.

20 ஜூன், வெள்ளி

வென் பதில் எழுதியிருக்கிறாள். ஆங்கிலத்தில். மூன்று முறை படித்தேன். சாரத்தைப் பதிகிறேன், பிறகு படிக்க எனக்குத் துணிவு இருக்குமா தெரியாது.

கோளாறு எதுவும் இல்லை. பள்ளியில் கணக்குக்கென்று ஒரு குழு. வகுப்பிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மீனு இரண்டு மாதம் உழைத்து அதில் இடம் பிடித்தாள். யே யே வாராவாரம் கணக்குக் கேட்கிறார், அவருக்குக் கணக்குத்தான் பிடிக்கும், தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஆனால் குழு கூடுவது ஞாயிறு மாலை. அந்த நேரம் எங்கள் நேரம். யே யேயிடம் நானே கேட்கிறேன் என்றாள். எப்படிக் கேட்பது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகினாள்.

அவள் கேட்டது இது: ‘எனக்குக் கணக்குக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே போனால் ஞாயிற்றுக்கிழமை யே யேயோடு பேச முடியாது. நாம் பேசுவது நின்றுபோனால் யே யேக்குப் பரவாயில்லையா?’

நான் சிரித்தேன். நல்லது, நல்லது என்றேன். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன்.

அவளுக்குப் புதன்கிழமை ஒழிவுதான் என்கிறாள் வென். அவர் வேறு நாள் கேட்டால் புதன் என்று சொல்லலாம் என மகளுக்குச் சொல்லியும் வைத்திருந்தாளாம். கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: ‘இப்போது புதனும் வேண்டாம் என்கிறாள். யே யேக்கு என்னோடு பேச இஷ்டமில்லை, பரீட்சை வைக்க மட்டும்தான் இஷ்டம் என்கிறாள். பதினாறு மாதமாக நீங்கள் பேசுகிறீர்கள். அவளிடம் அவள் அப்பாவின் பெயரை ஒரு முறைகூட நீங்கள் சொல்லவில்லை.’

பெயரைச் சொல்லவில்லை. ஆமாம். சொல்லவில்லை.

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான் — ஒரு குழந்தை கேக்குது, நான் வேண்டாமா உங்களுக்குன்னு கேக்குது, நான் பல்லைக் காட்டிக்கிட்டுத் தலையை ஆட்டுறேன். புரியலைன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. வாயில வந்திருக்கக் கூடாதா?

21 ஜூன், சனி

சுப்ரஜா வரவில்லை. ஆண்டுதோறும் நடக்கும் பால்கி என்ற பல்லக்கு ஊர்வலத்துக்காக வந்த கூட்டத்தில் சாலைகள் அடைபட்டு, விஷ்ராந்த்வாடியில் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டாளாம்.

வென்னுக்குப் பதில் வரைந்தேன். மூன்று பக்கம்.

22 ஜூன், ஞாயிறு

நான்கு மணி. கணினியைத் திறக்கவில்லை. நேற்று வரைந்ததைத் திருத்தினேன். ஒப்பந்தச் சட்டம், பதின்மூன்றாம் பிரிவு: ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொண்டால் மட்டுமே இருவர் சம்மதித்தவர் ஆவர். நான் கேள்வியையே அறியாமல் தலையசைத்தேன். எனவே அது சம்மதமே அன்று. வாதத்தில் எந்தப் பிழையும் இல்லை. இதைவிட நன்றாக எழுத முடியாது.

மங்கையர்க்கரசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன எழுதியிருக்கிறேன் என்று தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

“இது யாருக்கு? ஜட்ஜுக்கா?”

தாள்களை அடுக்கி வைத்தேன்.

“அன்னைக்கும் இப்படித்தான். புருஷன் செத்துக் கிடக்கான், நீங்க உரிமைன்னு எழுதுனிய. நான் அப்பவே சொன்னேன், ரெண்டு வரி போதும்னு. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னுதானே விட்டுட்டிய.”

சொன்னாள். நினைவிருக்கிறது. அப்போது அவள் சொன்னதை நான் எங்கும் பதியவில்லை.

25 ஜூன், புதன்

மூன்று பக்கத்தையும் அனுப்பவில்லை. அனுப்பியது இவ்வளவுதான்:

‘மீனு கேட்டது எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் நடித்தேன். இது முதல் தடவையும் அன்று. குற்றம் முழுவதும் என்னுடையது.’

அனுப்புமுன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரம்பு வைக்காத, விலக்குச் சேர்க்காத ஒரு வாக்கியத்தை நான் எப்போதாவது கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேனா? நினைவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

பதில் இல்லை.

27 ஜூலை, ஞாயிறு

இல்லை.

9 ஆகஸ்ட், சனி

சுப்ரஜாவை இன்றுதான் மறுபடி அழைத்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். இதுவரை அவளுக்குச் சொல்லவில்லை. வேலை மிகுதி என்று மட்டும் கூறியிருந்தேன்.

தலை குனிந்து கேட்டாள். பிறகு சொன்னாள்: “புரியலை, திருப்பிச் சொல்லுங்கன்றது, அங்கிள், அதுதான் எல்லாருக்கும் ஃபர்ஸ்ட் லெஸன். சைட்டுக்கு வர்ற ஆப்பரேட்டருக்குக்கூட அதைத்தான் முதல்ல சொல்லித் தருவேன். இல்லேன்னா கை போயிடும். புரியாம தலையாட்டினான்னா மெஷின் ஓடிடும், இல்லையா?”

எனக்கு ஏன் சொல்லித் தரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நான் சொன்னேனே. நீங்கதான் அது வேண்டாம், அந்த நிலைமையே வராத மாதிரி தயார் பண்ணிக்கிறேன்னீங்க.” அவள் கண் கலங்கிவிட்டது. “ஐ ஆம் சாரி அங்கிள். நானாவது விடாம சொல்லியிருக்கணும்.”

குற்றம் அவளுடையது அன்று என்றேன். இந்த வாக்கியம் எனக்கு இப்போது எளிதாக வருகிறது.

இரண்டு வாக்கியமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். யாரிடம் சொல்வதற்கு?

31 ஆகஸ்ட், ஞாயிறு

கணபதி மண்டபத்தில் தோல்-தாஷா மேளம் காலையிலிருந்து ஓயவில்லை. ஜன்னல்கள் அதிர்கின்றன. நான்கு மணிக்கு மங்கையர்க்கரசி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நாலேகாலுக்கு எழுந்து போய்த் தேநீர் போட்டாள்.

18 செப்டம்பர், வியாழன்

வென்னிடமிருந்து மின்னஞ்சல்.

மன்னிப்பைப் பற்றியோ ஜூனில் நான் எழுதியதைப் பற்றியோ ஒன்றும் இல்லை. ஒரு விசாரணை. மீனுவுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் பக்கத்தில் இடப்புறம் ஒரு நிலைத்த பல் வரவே இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்புக்குள் அந்தப் பல்லே இல்லையாம். பின்னால் வரும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. இது பரம்பரையாக வரக்கூடியது. அப்பா பக்கத்தில் யாருக்காவது உண்டா என்று மருத்துவர் கேட்கிறார். ஷ்யாமின் பல்வரிசை சீராகத்தானே இருந்தது, தனக்குத் தெரிய அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். இன்னும் ஒரு வரி: பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், மீனு இப்போது வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

ஷ்யாமுக்கு அது இருந்தது. அதாவது, இல்லை. அதே பல். பதின்மூன்று வயதில் கம்பி கட்டி மற்றப் பற்களை நகர்த்தி இடைவெளியை மூடினோம். இரண்டு வருடம் மாதாமாதம் ஸ்கூட்டரில் அழைத்துப் போனது நான்தான். இந்த உலகத்தில் அதை அறிந்தவர்கள் இப்போது நாங்கள் இருவர்தான்.

அவனுக்கு வந்தது என்னிடமிருந்து. எனக்கு அங்கே இருப்பது கழற்றி மாட்டும் பொய்ப்பல். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு பாளையங்கோட்டையில் என் அப்பா கட்டவைத்தார். பெண் வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றார். பிறகு யாருக்குமே தெரிய வேண்டாம் என்று நானே இருந்துவிட்டேன்.

19 செப்டம்பர், வெள்ளி

வென்னுக்குப் பதில் எழுதுமுன் மங்கையர்க்கரசியிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று தோன்றியது. நாற்பத்திரண்டு வருடம் மறைத்த ஒன்றை எப்படித் தொடங்குவது? பல் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “பொய்ப்பல்லா?”

தெரியுமா என்றேன்.

“கலியாணமாகி மூணாம் நாளே பாத்துட்டேன். கிணத்தடியில கழட்டிக் கழுவிக்கிட்டு இருந்திய.”

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

“நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்.”

கீரையை ஆய்ந்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

வென்னுக்கு எழுதினேன்: ‘ஆம். ஷ்யாமுக்கும் அந்தப் பல் இல்லை. எனக்கும் இல்லை.’ நான் அறிந்தவரையில் என்றோ, என் நினைவுக்கு எட்டியவரை என்றோ சேர்க்கவில்லை.

22 செப்டம்பர், திங்கள்

வென் ஒரு வரி எழுதியிருக்கிறாள். இதை மீனுவிடம் சொன்னாளாம். அவள் நம்பவில்லையாம். புதன் மாலை ஐந்து மணிக்கு இணைப்பு அனுப்பலாமா, ஐந்து நிமிடம் மட்டும் என்று கேட்கிறாள்.

24 செப்டம்பர், புதன்

குறிப்பேட்டை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தேன். மங்கையர்க்கரசியை என் பக்கத்தில், திரைக்குள் வரும்படி உட்காரச் சொன்னேன். புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஐந்து மணிக்கு மீனு வந்தாள். தலைமுடியை வெட்டிவிட்டிருக்கிறார்கள். மூன்றரை மாதத்தில் முகம் நீண்டிருக்கிறது. வாய் இறுக மூடியிருந்தது. யே யே என்று அழைக்கவில்லை. பக்கத்தில் இருப்பது யார் என்பதுபோல் மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். இவள் இந்த முறை அழவில்லை.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்குக் கையில் எதுவும் இல்லை. வாயில் விரலை விட்டு அந்தப் பல்லைக் கழற்றினேன். மேசைமேல் வைத்தேன். வாயைத் திறந்து காட்டினேன்.

திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் உதட்டை ஒரு விரலால் மேலே தூக்கித் தன்னுடையதைக் காட்டினாள். இடப்புறம். எனக்கும் அதே புறம்.

நான் என் இடைவெளியைத் தொட்டு ‘யே யே’ என்றேன். திரையில் அவளுடையதைத் தொட்டு ‘மீனு’ என்றேன். அப்பாவுக்கு அவர்கள் சொல்லும் சொல் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். மறுபடி என் பல்வரிசையைத் தொட்டு ‘பாபா’ என்றேன். பிறகு, “ஷ்யாம்” என்றேன். பல் இல்லாததால் காற்றாகத்தான் வந்தது.

அவள் பேசத் தொடங்கினாள். வேகமாக, நீளமாக. பாபா என்று மூன்று நான்கு இடத்தில் வந்தது. முடிவில் குரல் உயர்ந்தது.

புரியவில்லை என்றேன். திருப்பிச் சொல் என்றேன்.

நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. அதையும் சொன்னேன். மூன்றாம் முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். என் கையை மங்கையர்க்கரசி பிடித்துக்கொண்டிருந்தாள்.

தலையாட்டவில்லை. சிரிக்கவில்லை. ஐந்து நிமிடம் கடந்திருந்தது.

மீனு காத்திருந்தாள்.